மெக்கானிக் கை படாத சாமான்

ராஜரத்தினத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பத்தைந்து வருடம் வண்டிகளின் பானட்டுக்குள் தலையை விட்டபடியே போயிற்று. கடைசி ஒன்றரை வருடமாகத்தான் தலை வெளியே இருக்கிறது, அதுவும் வேறு வழியில்லாமல். முடங்கியாறு ரோட்டில் அவர் ஷெட் போட்டிருந்த இடத்தை உடையவர் கல்யாண மண்டபம் கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். பத்து நாளில் காலி செய்யச் சொன்னார்கள். ஒன்பதாவது நாளே வந்து கூரைத் தகரத்தைப் பிரித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து ராஜபாளையத்தில் ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் வாட்டர் வாஷ். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, பம்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு முப்பது வண்டி கழுவ வேண்டும். மெக்கானிக் வேலை எல்லாம் உள்ளே டிப்ளமா படித்த பிள்ளைகளுக்கு. "பெருசு, இந்த மட்கார்டுக்குள்ள மண்ணு அப்படியே இருக்கு, கண்ணு தெரியலையா?" என்று அவர்கள் அங்கிருந்தே கத்துவார்கள். அந்த வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தத்தை வைத்தே எந்த வால்வில் கோளாறு என்று இவருக்குத் தெரியும். சொல்ல மாட்டார். கேட்டால்தானே சொல்ல.

வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு சாமான் கிடந்தது. அவர் மனைவி ஞானபாக்கியம் வேலை பார்க்கிற பேண்டேஜ் கம்பெனியில் கழித்துப் போட்ட துணியில் சுற்றி, அரிசிச் சாக்குக்குள் வைத்திருந்தார். இத்தாலிக்காரன் செய்த இரட்டைத் தொண்டைக் கார்புரேட்டர் ஒன்று. அது உட்காருகிற அலுமினிய மேனிஃபோல்டு ஒன்று. கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும். மேனிஃபோல்டு அதை வாங்கி நாலு சிலிண்டருக்கும் பங்கு வைக்கும். ரேஸ் வண்டிக்கென்றே செய்த ஜோடி. ஒரே ஒரு பந்தயம் ஓடிய ஜோடி.

அதை விற்கலாம் என்று பேச்சை எடுத்தவன் சதீஷ், ஞானபாக்கியத்தின் தம்பி. பஞ்சு மார்க்கெட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். எதையும் போட்டோ பிடித்து விற்றுவிடுவான்.

"அத்தான், ஸ்ரீவில்லிபுத்தூர்ல மாரீஸ்வரன்னு ஒருத்தன். மிலிட்டரில வண்டி ரிப்பேர் செக்‌ஷன்ல பதினேழு வருசம் இருந்துட்டு வந்து, மடவார் வளாகத்துல ஷெட் போட்டிருக்கான். பழைய ஜீப்பு, ஜிப்ஸி மட்டுந்தான் பாக்கான். இந்தச் சாமானத் தேடிக்கிட்டு இருக்கானாம்."

"தேடட்டும்."

"செத்த கேளுங்க. சாமான மட்டும் தேடல. நல்ல கைப்பழக்கம் உள்ள ஆளையும் தேடுதான். ஹெட் மெக்கானிக்கா வச்சுக்கிட."

ராஜரத்தினம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"என்னையப் பத்திச் சொன்னியாலே?"

"சொல்லுவேனா? மொதல்ல சாமான வித்துருவோம். துட்டு கைக்கு வந்த பொறவு, 'தம்பி, நானும் இந்தத் தொழில்தான்'னு நீங்களே மெதுவாப் பேச்ச எடுங்க. ரெண்டையும் சேத்துக் கேட்டா, வேலைக்காகச் சாமானச் சும்மா குடுப்பான் போலன்னு அடிமாட்டு வெலைக்குக் கேப்பான்."

யோசித்துப் பார்த்தால் அது சரியாகத்தான் பட்டது. சதீஷ் அப்போதே செல்போனில் விளம்பரம் எழுதி வாசித்துக் காட்டினான். 'லேசாக ஓடியது. கம்பெனியில் இருந்து வந்தது வந்தபடியே இருக்கிறது. மெக்கானிக் கை படாதது.'

"ஏலே, கை படாததா?" ராஜரத்தினம் தட்டைத் தள்ளி வைத்தார். "பதினோரு நாளு என் கைதாம்லே அதுக்குள்ள கெடந்துச்சு."

"அதச் சொன்னா விக்காது அத்தான். கை வச்ச சாமான்னா பாதி வெலை. வச்சது எவன், எப்படி வச்சான்னு வாங்குதவனுக்கு என்ன தெரியும்?"

அடுப்படியில் இருந்து ஞானபாக்கியம் குரல் கொடுத்தாள். "கை வச்சதுக்கு இம்புட்டு நாளா என்ன கெடச்சுச்சாம்? கை வைக்கலன்னு சொல்லியாவது ஏதாச்சும் கெடைக்கட்டும்."

அவள் அப்படிச் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பதினோரு நாளும் அவருக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோனவள் அவள்தான்.

மூன்று வருடத்துக்கு முன் மில் முதலாளி மகன் விக்னேஸ்வரன் மிலிட்டரி ஏலத்தில் ஒரு ஜிப்ஸி எடுத்தான். சேற்றில் ஓட்டுகிற பந்தயத்துக்கு. கார்புரேட்டரையும் மேனிஃபோல்டையும் வெளிநாட்டில் இருந்து வரவழைத்து, ராஜரத்தினத்தின் ஷெட்டில் கொண்டுவந்து இறக்கினான். மாட்டிப் பார்த்தால் வண்டி திணறியது. கழற்றிப் பார்த்தார். மேனிஃபோல்டின் நாலு துவாரமும் என்ஜினின் நாலு துவாரமும் நேருக்கு நேர் உட்காரவில்லை. ஒவ்வொன்றிலும் நகக்கண் அளவுக்குத் திண்டு நின்றது. வருகிற காற்று அந்தத் திண்டில் முட்டித் திரும்பியது.

சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் கொஞ்சம் நீல மை வாங்கிவந்தார். என்ஜின் முகத்தில் தடவி, மேனிஃபோல்டை வைத்து அமுக்கி எடுத்தால் எங்கே திண்டு நிற்கிறது என்று மை காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்தை அரத்தால் ராவினார். மறுபடி மை, மறுபடி அரம். விளக்குமாற்றுக் குச்சியில் எமரித் தாளைச் சுற்றி உள்ளே விட்டுத் தேய்த்தார். கண்ணால் பார்க்க முடியாத வளைவில் சுண்டுவிரலை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தார். நாலாவது துவாரத்தில் மட்டும் ஓரிடத்தில் அலுமினியம் மெலிந்து வந்தது. இன்னும் மயிரிழை எடுத்தால் பொத்துக்கொள்ளும். அங்கே நிறுத்தினார். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிவதுதான் அந்த வேலையே. கார்புரேட்டரில் பெட்ரோல் பீய்ச்சுகிற சின்ன ஜெட்டுகளையும் தையல் ஊசியை உரசி உரசித் துவாரம் பெருக்கினார். பதினோராம் நாள் சாயங்காலம் வண்டி உறுமிய உறுமலில் எதிர்ச் சாரி டீக்கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

பந்தயம் பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில், வத்திராயிருப்பைத் தாண்டி ஒரு தரிசு நிலத்தில் நடந்தது. டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து சேறாக்கியிருந்தார்கள். விக்னேஸ்வரன் முதலாவதாக வந்தான். மேடையில் மைக்கைப் பிடித்து, "என் வண்டிய ரெடி பண்ணின கோயம்புத்தூர் டீமுக்கு நன்றி" என்றான். மேடைக்குக் கீழே ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்த ராஜரத்தினம், எந்த டீம் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. கோயம்புத்தூர் என்றால் எடுப்பாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறான். திரும்பி வரும்போது ஒரு வார்த்தை அவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் அவனுக்குப் பந்தயம் சலித்துப்போயிற்று. வண்டியை விற்கும்போது கம்பெனி கார்புரேட்டரைத் திரும்ப மாட்டச் சொல்லிவிட்டு, "இத நீங்களே வச்சுக்கோங்கண்ணே, எனக்கு எதுக்கு" என்று போய்விட்டான்.

இனி அந்த மேனிஃபோல்டில் இருந்த மூன்று புள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜபாளையத்துப் பட்டறைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. திறந்து வேலை பார்த்த சாமானில் ஆளுக்கொரு அடையாளத்தைப் பஞ்சு என்கிற கூர் முனைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டிவிடுவார்கள். நாளைக்கு வண்டி நடுவழியில் நின்றால், கடைசியாகக் கை வைத்தது யார் என்ற சண்டை வராது. ஒருத்தர் குறுக்குக் கோடு போடுவார், ஒருத்தர் பிறை போடுவார். ராஜரத்தினத்தின் அடையாளம் மூன்று புள்ளி, அஃகன்னா மாதிரி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவருக்குச் சுத்தியலால் எழுத வந்த ஒரே எழுத்து அதுதான். அந்த மேனிஃபோல்டின் பக்கவாட்டில் அதைத் தட்டிய அன்றைக்குப் பஞ்சைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு ஒரு டீ குடித்தார். அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

விளம்பரத்துக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்த சதீஷ் கேட்டான். "அத்தான், இது என்ன மூணு புள்ளி?"

சொன்னார்.

"அப்ப அத எடுத்துருங்க. கை படாததுன்னு போட்டுட்டு, கை பட்டதுக்குச் சீல் குத்தி வச்சா எப்படி?"

"உள்ள ராவியிருக்கே, அது தெரியாதா?"

"உள்ள பாத்தேன். கம்பெனிக்காரன் செஞ்ச மாதிரி வழுவழுன்னு இருக்கு. அது ஒண்ணும் தெரியாது."

அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொள்வதா, என்ன என்று ராஜரத்தினத்துக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் உட்கார்ந்து, அதே அரத்தை எடுத்து மூன்று புள்ளியையும் ராவினார். ஆழமாகத் தட்டியிருந்ததால் நேரம் பிடித்தது. மேலே எமரித் தாளும் போட்டார்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினார். வெளுத்த சட்டை போட்டிருந்தார். சட்டைப்பையில் அந்தப் பஞ்சையும் போட்டுக்கொண்டார். வேலை அமைந்தால், இன்னொரு தடவை அதே இடத்தில் தட்டிக்கொடுக்கலாம் என்று ஒரு நினைப்பு.

மாரீஸ்வரனுக்கு நாற்பது வயதிருக்கும். முடியை இன்னும் மிலிட்டரி வெட்டாகவே வைத்திருந்தான். ஷெட் அவ்வளவு சுத்தம். ஸ்பேனர்கள் அளவு வாரியாகச் சுவரில் தொங்கின. மூன்று ஜிப்ஸி, ஒரு ஜீப். ராஜரத்தினத்துக்கு உள்ளே காலை வைத்ததுமே கை அரித்தது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு கிரீஸ் வாசனை. சோப்பு வாசனை இல்லை.

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. சாமான் கை படாததுதான?"

"படாதது."

"நல்லாச் சொல்லுங்க. மெக்கானிக் எவனும் தொறக்கலேல்ல? எனக்குக் குத்துமதிப்பு வேலைன்னா ஆகாது."

"எவனும் தொறக்கல தம்பி." விளம்பரத்தையும் சேர்த்தால் மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டார்.

மாரீஸ்வரன் துணியைப் பிரித்தான். மேனிஃபோல்டைத் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டினான். ஒரு துவாரத்தில் விரலை விட்டான். அவன் முகம் மாறியது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் விரல் ஓரிடத்தில் நின்றது. போய் டார்ச் எடுத்துவந்து உள்ளே அடித்துப் பார்த்தான். மாட்டிக்கொண்டோம் என்றுதான் ராஜரத்தினம் நினைத்தார்.

"இது கம்பெனி வேலை இல்ல அண்ணாச்சி," என்றான் மாரீஸ்வரன். கோபமாகச் சொல்லவில்லை. கோயிலில் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னான். "எவனோ உக்காந்து தவம் மாதிரி செஞ்சிருக்கான். நாலாவது ஓட்டையில பாருங்க, மெலிஞ்ச எடத்துல நிறுத்தியிருக்கான். நானா இருந்தா பேராசையில பொத்துருப்பேன். பதினேழு வருசத்துல இப்படி ஒரு கைய நான் பாத்ததில்ல."

முப்பத்தைந்து வருடத்தில் ராஜரத்தினத்தின் வேலையை யாரும் இப்படி விரல் வைத்துப் படித்ததில்லை. வாயைத் திறக்கப் போனார். அதற்குள் மாரீஸ்வரன் மேனிஃபோல்டைத் திருப்பினான். அவன் கண் பக்கவாட்டில் நின்றது. பழுப்பேறிய அலுமினியத்தில் அந்த ஓரிடம் மட்டும் புதுக் காசு மாதிரி மின்னியது.

"இது என்னது? நம்பர ராவி எடுத்திருக்கு?"

"நம்பர் இல்ல தம்பி..."

"மிலிட்டரில இந்த மாதிரி ராவின சாமான் வந்தா என்ன அர்த்தம் தெரியுமா? திருட்டுச் சாமான்னு அர்த்தம். நேத்து ராவின ராவல் இது. கை படாததுன்னு வேற சொல்லுதீங்க." குரல் தடித்துவிட்டது. "யாரு வண்டிச் சாமான் இது?"

விக்னேஸ்வரன் பெயரைச் சொல்ல வேண்டியதாயிற்று. மாரீஸ்வரனிடம் அவன் நம்பர் இருந்தது. வத்திராயிருப்புப் பந்தயத்தில் இவன் இரண்டாவதாக வந்தவனாம். ஸ்பீக்கரில் போட்டே பேசினான்.

"ஆமாண்ணே, நான்தான் அவருக்குக் குடுத்தேன். திருட்டெல்லாம் இல்ல, தங்கமான மனுசன்," என்றது விக்னேஸ்வரனின் குரல்.

"சரி, உள்ள ராவினது யாரு? அன்னைக்கே உங்க வண்டி சத்தத்தக் கேட்டுட்டு மூணு வருசமா அந்த ஆளத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

ராஜரத்தினம் போனின் சின்னக் கண்ணாடிப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லிவிடு ராசா, சொல்லிவிடு.

"அது... கோயம்புத்தூர் டீம்ணே. அன்னைக்கே மேடையில சொன்னனே. ராஜரத்தினம் அண்ணன் ஷெட்டுல வச்சுத்தான் பாத்தாங்க. அண்ணன் கூட மாட நின்னாரு, வீலு கழட்டி மாட்டுனாரு. கேட்டுப் பாருங்க."

போனை வைத்ததும் மாரீஸ்வரனின் முகம் தெளிந்துவிட்டது. "தப்பா நெனைச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. ராவியிருந்தா கேக்கத்தான செய்யணும்."

"தம்பி," என்றார் ராஜரத்தினம். "கோயம்புத்தூர்ல இருந்து எவனும் வரல. அது நான் ராவினது."

மாரீஸ்வரன் மின்னிய அந்த இடத்தை விரலால் தடவினான்.

"அந்த எடத்துல மூணு புள்ளி இருந்துச்சு. என் அடையாளம். நேத்துத்தான் எடுத்தேன்."

"எதுக்கு எடுத்தீங்க?"

"கை படாததுன்னு சொல்லி விக்கதுக்கு."

சொன்ன பிறகு, அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்கே தெரிந்தது. மாரீஸ்வரன் சிரித்துவிட்டான். கெட்ட சிரிப்பு இல்லை. சந்தையில் மாட்டுத் தரகரைப் பார்த்துச் சிரிப்போமே, அது மாதிரி.

"நல்லாருக்கு அண்ணாச்சி. கை படாததுன்னு மூணு தடவ சொன்னீங்க. நான் நல்லாருக்குன்னு சொன்ன ஒடனே உங்க கை ஆயிருச்சு. நல்லா இல்லன்னு சொல்லியிருந்தா?"

"சிவகாசி மை வாங்கி வச்சு ராவினேன் தம்பி. விளக்கமாத்துக் குச்சியில எமரி சுத்தி..."

"கூட நின்னு பாத்துருக்கீங்க. அவருதான் சொன்னாரே." மாரீஸ்வரன் பொறுமையாகத்தான் பேசினான். அந்தப் பொறுமைதான் தாங்க முடியவில்லை.

"ஒரு அரம் குடுங்க. இங்க ஒரு ஓரத்துல..." ராஜரத்தினம் மேனிஃபோல்டை எட்டிப் பிடித்தார். மாரீஸ்வரன் சட்டென்று அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"வேண்டாம் அண்ணாச்சி, வேண்டாம். அந்த ஆளு செஞ்ச வேலைய நீங்க கை வச்சுக் கெடுத்துறாதீங்க."

ராஜரத்தினம் கையை எடுத்துக்கொண்டார்.

பேசிய விலை பதினெட்டாயிரம். ஒரு ரூபாய் குறைக்காமல் கொடுத்தான். டீ வாங்கிக் கொடுத்தான். டீ குடிக்கும்போது, "இப்ப என்ன பாக்கீங்க?" என்று கேட்டான்.

"வாட்டர் வாஷ்."

"நெசமாவா? எனக்கும் வாட்டர் வாஷுக்கு ஒரு ஆளு வேணும். நம்பிக்கையான ஆளா. அங்க குடுக்கறத விட ஆயிரம் கூடத் தாரேன். வாரீங்களா?"

அவன் மனதாரத்தான் கேட்டான். அதுதான் கொடுமை. ராஜரத்தினம் டம்ளரைக் கீழே வைத்தார். சுவரில் அளவு வாரியாகத் தொங்கிய ஸ்பேனர்களை ஒரு தடவை பார்த்தார்.

"தண்ணி எங்க ஊர்லயும் வருது தம்பி," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வீட்டில் ஞானபாக்கியம் பணத்தை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டுத்தான் கேட்டாள். "வேலையப் பத்திக் கேட்டீங்களா?"

"கேக்கதுக்கு முந்தியே தாரேன்னான்."

"பொறவென்ன! என்ன வேலை?"

"நான் இப்ப பாக்குத வேலைதான்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் ஏதாவது ஏசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. சதீஷ்தான் மறுநாள் வந்து, "பதினெட்டுக்குப் போயிருச்சுல்ல, நான் சொன்னனா இல்லையா அத்தான்?" என்று தோளைத் தட்டினான். "சொன்னலே, நல்லாச் சொன்ன," என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள், சர்வீஸ் ஸ்டேஷனில் ஒரு காரின் அடியில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. பம்பை நிறுத்திவிட்டு எடுத்தார். மாரீஸ்வரன்.

"அண்ணாச்சி, ஒரு உதவி. சாமான மாட்டிட்டேன். முழுசா மிதிச்சா வண்டி இருமுது. ரிப்பேர் கிட்டு வாங்கி ஜெட்டு எல்லாம் புதுசு போட்டுத்தான் மாட்டினேன், அப்பவும் இப்படி. செத்த கேளுங்க."

போனை என்ஜின் பக்கம் பிடித்திருப்பான் போலிருந்தது. வண்டி உறுமியது. ஏறியது. ஏறுகிற இடத்தில் இரண்டு தடவை தொண்டையைச் செருமியது. சளி இல்லாத வறண்ட இருமல், பெட்ரோல் போதவில்லை. ராஜரத்தினத்துக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஊசியால் பெருக்கிய அந்தப் பழைய ஜெட்டுகளைக் கழற்றிக் குப்பையில் போட்டிருக்கிறான். பழசைத் தேடி எடுத்து மாட்டினால் தீர்ந்தது. ஒரே வார்த்தை. அது நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால், 'அவிய பேசும்போது பக்கத்துல நின்னு கேட்டிருப்பீங்க' என்பான்.

"கேட்டீங்களா அண்ணாச்சி? விக்னேஸ்வரன் போன எடுக்கல. அந்தக் கோயம்புத்தூர் ஆளு நம்பர் உங்ககிட்ட இருக்குமா? அவருகிட்டக் கேட்டாத் தெரிஞ்சிரும்."

உள்ளேயிருந்து ஒருத்தன், "பெருசு, போன் பேசத்தான் சம்பளமா?" என்று கத்தினான்.

"அந்த ஆளு இப்ப இந்தத் தொழில்ல இல்ல தம்பி," என்றார் ராஜரத்தினம்.

"அட, என்ன ஆனாரு?"

ராஜரத்தினம் குனிந்து பம்பின் சுவிட்சைப் போட்டார். மோட்டார் இரைச்சலில் போனில் அவன் பேசியது எதுவும் கேட்கவில்லை. செத்த நேரம் காதிலேயே வைத்திருந்துவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு, மட்கார்டுக்குள் இருந்த மண்ணைப் பார்த்துத் தண்ணீரை அடித்தார்.